அக்கா கார்புரேட்டர், தங்கை கார்புரேட்டர்

"உங்கப்பா இன்னிக்கு என்னை எப்படிக் கூப்பிட்டார், கவனிச்சியா?"

"எப்படிக் கூப்பிட்டார்?"

"டாக்டரேன்னு."

"நீங்க டாக்டர்தானே?"

"அதுக்கு? கல்யாணப் பதிவுல போட்ட கையெழுத்து இன்னும் காயல. போட்டோ எடுக்கறவர் 'மாப்பிள்ளையைப் பக்கத்துல வரச் சொல்லுங்க சார்'ங்கறார். உங்கப்பா 'டாக்டரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க'ங்கறார்."

"பழக்கதோஷம். போகப் போக மாறிடும்."

"மாறலைன்னா?"

"மாறலைன்னா வாயைத் திறந்து கேளுங்க. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் 'வாயைத் திறங்க, வாயைத் திறங்க'ன்னு சொல்றீங்கல்ல? நீங்களும் ஒரு தடவை திறங்க."

"இதெல்லாம் கேட்டு வாங்கற விஷயமா? தானா வரணும்."

"தானா முளைக்க அது என்ன ஞானப் பல்லா?"

கல்யாணத்தன்று சாயங்காலம் புது மனைவியோடு நடந்த இந்தப் பேச்சு, பல் டாக்டருக்கு ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்துவிட்டாள். மனைவி சொன்ன 'போகப் போக' மட்டும் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. மாமனாருக்கு அவர் அன்றும் டாக்டரே, இன்றும் டாக்டரே. இதில் கொடுமை என்னவென்றால், தாத்தா மடியில் வளர்ந்த குழந்தை பேச ஆரம்பித்த புதிதில், அப்பா என்பதற்கு முன்னால் 'தாத்தரே' என்றுதான் அவரைக் கூப்பிட்டது.

மாமனார் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அவர் முதன்முதலில் பல் டாக்டரைப் பார்த்ததே பல் பிடுங்கும் நாற்காலியில் மல்லாந்து படுத்தபடிதான். துணைக்கு வந்த இளைய மகள், பயத்தில் நடுங்கிய அப்பாவின் கையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னொரு பக்கம் நின்று, பல்லைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குப் பல்லும் போச்சு, பின்னாலேயே பொண்ணும் போனா" என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோபமாகச் சொல்வதில்லை. ஆனால் சிரித்துக்கொண்டும் சொல்வதில்லை.

மாமியார் அவரை வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் அழைத்தாள். அதில் டாக்டருக்குத் திருப்தி இல்லை.

"உங்கம்மா பால் பாக்கெட் போட வர்றவரோட தம்பியைக்கூட மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடறாங்க. அதையெல்லாம் கணக்குல சேர்க்க முடியாது" என்பார் மனைவியிடம்.

கணக்கில் சேர்க்க வேண்டியவர் வேறு ஒருவர் இருந்தார். மூத்த மகளின் கணவர், டாக்டரின் சகலை. பெரிய டயர்க் கடை வைத்திருந்தார். ஆளும் கொஞ்சம் டயர் மாதிரிதான் இருப்பார். நன்றாகக் காற்றடித்த டயர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமனாரின் குரல் உள்ளேயிருந்து வரும்: "வாங்க மாப்பிள்ளே!" அந்த 'ளே' இருக்கிறதே, அது வெல்லப் பாகு போல இழுபட்டு வாசல் வரை வரும். அதே வாசலில், அதே நேரத்தில், பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் டாக்டருக்கு, "டாக்டரும் வந்துட்டாரா? உக்காருங்க."

மாமனாருக்கு வீட்டின் பின்கட்டிலேயே பட்டறை. பழைய கார்களின் கார்புரேட்டர்களை மட்டும்தான் தொடுவார். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு ஊட்டிவிடுகிற பாகம் அது. "மத்ததெல்லாம் கை, காலு. இதுதான் தொண்டை" என்பார். சுத்தமாக மெழுகிய சிமென்ட் தரை, ஜன்னலோரம் நீண்ட மேஜை, மேஜையில் பெட்ரோல் வாசமடிக்கும் ஒரு பேசின், சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் வரிசையாகக் கார்புரேட்டர்கள். ஊரில் எஞ்சியிருந்த பழைய கார்களில் பாதி அவருடைய தயவில்தான் மூச்சு விட்டன.

அவற்றில் இரண்டு மாடல்கள் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே அச்சு, ஒரே உயரம். வெளியில் வார்த்திருக்கும் எண்கூட ஒன்றுதான். ஒன்று பெரிய என்ஜினுக்கு, மற்றது சின்ன என்ஜினுக்கு. பட்டறையில் அவற்றுக்குப் பெயர் அக்கா, தங்கை. மூடியின் மேல் ஸ்க்ரூவில் தொங்கும் சின்னப் பித்தளைத் தகடுதான் யார் எவள் என்று சொல்லும். ஆனால் அந்தத் தகட்டை நம்பக் கூடாது. அக்கா மூடி தங்கைக்குப் பொருந்தும், தங்கை மூடி அக்காவுக்குப் பொருந்தும். "ஒருத்தி துணியை ஒருத்தி எடுத்து உடுத்திக்கறவளுங்க" என்பார் மாமனார்.

உண்மையான வித்தியாசம் உள்ளே இருந்தது. காற்று போகும் வாய் இரண்டுக்கும் ஒரே அகலம். உள்ளே இறங்க இறங்க அது உடுக்கை போல இடுப்பு சிறுத்து, மறுபடி விரியும். அந்த இடுப்பு அக்காவுக்கு ஒரு நூல் பெரிது, தங்கைக்கு ஒரு நூல் சிறிது.

"அளவுகோல் வெச்சுப் பாத்துடலாமே மாமா?" என்று புது மாப்பிள்ளையாக இருந்தபோது டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"இடுப்பு உள்ள இருக்கு டாக்டரே. அளவுகோல் வாசல்லயே நின்னுடும். வாசல் ரெண்டு பேருக்கும் ஒண்ணு." மாமனார் தன் வலது கைச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். "இதுதான் அளவுகோல். அக்கான்னா கணு தாண்டி உள்ள போகும். தங்கைன்னா கணு இடிச்சு நிக்கும். என் விரல் இன்னிவரைக்கும் பொய் சொன்னதில்ல."

விடுமுறை நாட்களில் மருமகன்கள் இருவரும் வந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும், மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் மாமனார் அதன்மேல் ஒரு கார்புரேட்டரைக் கொண்டுவந்து வைப்பார். தகடு இருக்காது.

"யாரு இவ? சொல்லுங்க பாப்போம்."

டாக்டர் அதைத் தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், தன் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். பல் டாக்டர் விரல் மெல்லிய விரல். அக்கா, தங்கை இருவரிடமும் அது தடையில்லாமல் போய்விடும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "அக்கா" என்பார். அது தங்கையாக இருக்கும். அடுத்த முறை "தங்கை" என்பார். அது அக்காவாக இருக்கும். நிகழ்தகவு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

டயர்க்கடைச் சகலை அதைக் கையில்கூட வாங்க மாட்டார். பல்குத்திக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொல்வார். எப்போதும் சரியாக இருக்கும்.

"அதான் மாப்பிள்ளைங்கறது!" என்று மாமனார் தொடையில் தட்டுவார். டாக்டருக்கு அந்தத் தட்டு தன் கன்னத்தில் விழுந்தது போல இருக்கும்.

விவகாரம் ஆரம்பித்தது பழைய கார்களின் ஊர்வலத்துக்கு முந்தின வாரம். வருஷா வருஷம் அதில் முதல் வண்டியாகப் போவது மாமனாரின் கார். கடல் பச்சை நிறம், குரோம் பட்டைகள், மூக்கு நீண்ட வண்டி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் அதே கம்பெனியின் சின்ன வண்டி ஒன்றை வெண்ணெய் நிறத்தில் வைத்திருந்தார். அவரும் கலந்துகொள்வதாக இருந்தார். இரண்டு வண்டிகளின் கார்புரேட்டர்களையும் மாமனார் ஒரே நேரத்தில் மேஜையில் பிரித்துப் போட்டு, கழுவி, வாஷர் மாற்றிப் பூட்டினார்.

மறுநாளே தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலேயே வீடு முழுக்கக் கேட்டது.

"வண்டி முக்குக்கு முக்கு நிக்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சா யோசிக்குது. கேள்வி கேட்டா விட்டத்தைப் பாக்கற பையன் மாதிரி யோசிக்குது. என் சர்வீஸ்ல யாரும் என் முன்னால இவ்வளவு நேரம் யோசிச்சதில்ல."

"ஜெட்டுல, அதான் பெட்ரோல் வர்ற ஓட்டையில, தூசி அடைச்சிருக்கும் மேடம்."

"உங்க பட்டறையிலேருந்துதானே வந்துது? அப்போ அது உங்க தூசி. சனிக்கிழமை காலையில வண்டியை விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வருவேன்."

மாமனாரின் சொந்த வண்டியும் சரியில்லை. சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமை அன்று, பின்னால் காய்கறிக் கூடை கட்டிய ஒரு சைக்கிள்காரர் மேம்பாலத்தில் அந்த வண்டியை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் மணியும் அடித்தார். மாமனார் வீட்டுக்கு வந்து பெட்ரோல் பங்கைத் திட்டினார். பிளக்கைத் திட்டினார். வெயிலைத் திட்டினார். கடைசியில், "மாப்பிள்ளே, நீங்க போட்ட டயர்தான் இழுத்துப் பிடிக்குதோ?" என்று சகலையைப் பார்த்தார்.

டயர் என்ஜினின் மூச்சைப் பிடிக்காது என்பது கார் ஓட்டத் தெரியாத டாக்டருக்கே தெரியும். சின்ன வண்டி யோசிக்கிறது, பெரிய வண்டி மூச்சு வாங்குகிறது. சனிக்கிழமை காலையில் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அக்கா தங்கை வீட்டுக்கும் தங்கை அக்கா வீட்டுக்கும் போய்விட்டார்கள். ஆனால் அதை மாமனாரிடம் சொல்வது யார்? சமையலறையில் பூனைக்கு மணி கட்டும் மகாநாடு நடந்தது.

"நான் சொல்ல மாட்டேன். போன தடவை மூக்குக் கண்ணாடி தலையிலதான் இருக்குன்னு சொன்னதுக்கே சாயங்காலம் வரைக்கும் பேசல" என்றாள் மாமியார்.

டாக்டர் சகலையைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, நீங்க சொன்னா கேட்டுப்பார். நீங்கதான் பாத்தவுடனே கண்டுபிடிக்கறவராச்சே."

சகலை சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சகலை, ஒரு உண்மையைச் சொல்றேன். வெளிய விடாதீங்க. எனக்கு அக்காவும் தெரியாது, தங்கையும் தெரியாது. மாமா மீசையைப் பாத்துத்தான் சொல்வேன்."

"மீசையா?"

"மெதுவா 'அக்...கா'ன்னு ஆரம்பிப்பேன். மீசை மேல போச்சுன்னா அதோட நிறுத்திடுவேன். போகலைன்னா 'அக்கா...வோட தங்கச்சி'ன்னு முடிச்சுடுவேன்."

இத்தனை வருஷம் டாக்டர் கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதுக்கா உங்களை மாப்பிள்ளே மாப்பிள்ளேன்னு கூப்பிடறார்?"

"அட, நீங்க வேற. எனக்கு அதுல என்ன பெருமை இருக்கு? ஊர்ல யார் வந்தாலும் 'எங்க டாக்டர், எங்க டாக்டர்'னு உங்களைத்தான் சொல்றார். என்னை ஒருத்தர்கிட்டயாவது 'பெரிய டயர்க்கடை முதலாளி'ன்னு சொல்லியிருப்பாரா? வெறும் மாப்பிள்ளே. யார் வேணா மாப்பிள்ளை ஆகலாம் சகலை. பொண்ணு குடுத்தாப் போதும்."

டாக்டர் அவருடைய அகலமான தோளில் கை வைத்தார். இரண்டு மருமகன்களும் துணி காயும் கொடிக்குக் கீழே நின்று ஒருவரை ஒருவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டரின் மனைவி ஈரத் துண்டை உதறிக்கொண்டே வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் பாசமலரா நிக்கறீங்க?"

"நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். க்ளினிக் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்றார் டாக்டர்.

அவள் முகம் மாறியது. "ஏங்க, அப்பா தப்புன்னு நிரூபிச்சுடாதீங்க. நிரூபிச்சீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் டாக்டரேதான். சாகும்போதும் 'டாக்டரே, தண்ணி'ன்னுதான் கேப்பார்."

"நிரூபிக்கலைன்னா சாயங்காலம் அந்த டீச்சர் முன்னால அவர் தலை குனிஞ்சு நிப்பார். அது உனக்குப் பரவாயில்லையா?"

அவள் துண்டைக் கொடியில் போட்டு, சுருக்கம் போகும்வரை நீவிவிட்டாள். பிறகு, "ஸ்கூட்டரை மெதுவா ஓட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் திரும்பி வந்தபோது மாமனார் இரண்டு கார்புரேட்டர்களையும் மறுபடி கழற்றி மேஜையில் வைத்திருந்தார். ஜெட்டுகளை ஊதி ஊதி அவருடைய கன்னம் சிவந்திருந்தது. ஒரு தூசியும் கிடைக்கவில்லை.

"மாமா, ஒரு உதவி."

"இப்பவா டாக்டரே?"

"எனக்கு இந்த அக்கா தங்கை வித்தியாசம் இன்னும் பிடிபடவே இல்ல. இப்போ ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. ஒரு தடவை அச்செடுத்துப் பாத்துக்கட்டுமா? கத்துக்கறதுக்குத்தான்."

கத்துக்கறதுக்கு என்ற சொல் வேலை செய்தது. மாமனார் தோளைக் குலுக்கி, மூடிகளையும் நடுக்குழாயையும் எடுத்துவிட்டு, இரண்டையும் நகர்த்தி வைத்தார். டாக்டர் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தார். பல் செட்டுக்கு அச்செடுக்கும் மாவு. இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வோர் உருண்டை எடுத்துச் சேர்த்துப் பிசைந்தால் ரோஜா நிறத்தில் குழைந்து, சற்று நேரத்தில் ரப்பராக இறுகும். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தொண்டையில் மாவை அமுக்கினார். பழக்கத்தில், "கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கங்க" என்று கார்புரேட்டரிடம் சொல்லியும் விட்டார்.

இறுகியதும் இழுத்தார். ப்ளக் என்று சத்தம். இடுப்பு சிறுத்த ஒரு ரோஜா நிறக் குட்டி உருவம் வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"யாரோட ஈறு இது?" என்றார் மாமனார்.

"ரெண்டு பேரோட இடுப்பு மாமா. இப்போ உங்க அளவுகோல் உள்ள போக வேண்டாம். இடுப்பே வெளிய வந்துடுச்சு."

மாமனாரின் கை தானாகவே அளவுகோலை எடுத்தது. ஒன்றை அளந்தார். மற்றதை அளந்தார். ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. குண்டு உருவம் வந்தது, தங்கை என்று தகடு மாட்டியிருந்த தலைமையாசிரியை வண்டியின் கார்புரேட்டரிலிருந்து.

"மாத்தி எடுத்துட்டீங்க டாக்டரே."

"இருக்கலாம் மாமா. நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

மாமனாரே பிசைந்தார். கொழுக்கட்டைக்குப் பிசைவது போல் சிரத்தையாகப் பிசைந்து, அவரே அமுக்கி, அவரே இழுத்தார். தங்கையிடமிருந்து மறுபடி குண்டு உருவம்தான் வந்தது. "மாவு உப்புது" என்றார். டாக்டர் மறுக்கவில்லை. வாசலுக்கு அருகில் சகலையும் டாக்டரின் மனைவியும் ஏதோ தேடுவது போல் நின்றார்கள். அந்த இடத்தில் தேட ஒன்றுமே இல்லை.

"என் விரல் பொய் சொல்லாது. இதோ பாருங்க." மாமனார் சுண்டுவிரலைத் தங்கைக்குள் விட்டார். கணு இடித்து நின்றது. "பாத்தீங்களா? தங்கை! அன்னிக்கும் இப்படித்தான் பாத்தேன்."

"மத்தவளையும் பாத்தீங்களா மாமா?"

"ஒருத்தி தங்கைன்னா மத்தவ அக்காதானே? அதுக்கும் ஒரு விரல் வேணுமா?"

"சும்மா விட்டுப் பாருங்களேன்."

மாமனார் அக்காவுக்குள் விரலை விட்டார். கணு வரைக்கும்கூடப் போகவில்லை. நகம் மறைந்ததும் நின்றுவிட்டது. அவர் விரலைத் திருப்பினார். அமுக்கினார். வெளியே எடுத்து, கார்புரேட்டரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன, இவ தங்கைக்கும் தங்கையா இருக்கா? அப்படி ஒருத்தி கிடையாதே!"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் அவருடைய வலது கையை மெதுவாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலின் கணு வெங்காயத் தாள் அடியில் இருக்கும் குமிழ் போல் திரண்டிருந்தது.

"இது எப்போலேருந்து மாமா?"

மாமனார் கையை இழுக்கப் பார்த்தார். டாக்டர் விடவில்லை. ஓடப் பார்க்கிற ஆட்களைப் பிடித்துவைப்பது அவர் தொழில்.

"மழைக்காலத்துல ஆரம்பிச்சுது." குரல் இறங்கியிருந்தது. "காலையில சட்டைப் பொத்தான் போட வராது. அதான் இப்பல்லாம் பனியன் மாதிரி ஒண்ணு போட்டுக்கறேன். எல்லாரும் ஸ்டைல்னு நினைச்சீங்க."

"எங்க யார்கிட்டயும் சொல்லலையே?"

"யாரும் கேக்கலையே டாக்டரே. கேட்டாத்தானே சொல்ல முடியும்? நானா வந்து, என் விரல் வீங்கியிருக்குன்னு ஒப்பிக்கவா? அதை வெச்சுத்தான் இந்தப் பட்டறையே நடக்குது."

"அக்காவும் மாறல, தங்கையும் மாறல மாமா. அளவுகோல்தான் கொஞ்சம் பருத்துடுச்சு. அதுக்கு மருந்து இருக்கு. திங்கட்கிழமை என் ஸ்நேகிதர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், எலும்பு டாக்டர்."

"இன்னொரு டாக்டரா?" மாமனார் பயந்து போனார்.

"அவர் பல்லைத் தொட மாட்டார்."

மாமனார் ரோஜா நிற உருவங்களை விரலால் உருட்டினார். குண்டு ஒரு பக்கம், ஒல்லி ஒரு பக்கம். மனைவி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி ஜென்மத்துக்கும் என்று அவள் உதடுகள் கணவனைப் பார்த்து ஓசையில்லாமல் சொல்லின.

"இந்த மாவு எங்க கிடைக்கும்?" என்றார் மாமனார் திடீரென்று.

"நான் கொண்டு வந்து தரேன்."

"இந்த டப்பாவை வெச்சுட்டுப் போங்க."

"அது நாளைக்கு ஒரு பாட்டிக்கு..."

"பாட்டி ஒரு வாரம் கஞ்சி குடிக்கட்டும். இதை மேஜை மேலயே வெச்சுட்டுப் போங்க டாக்டரே."

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அக்கா கடல் பச்சை வண்டிக்கும், தங்கை வெண்ணெய் நிற வண்டிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நட்டுகளை மாமனார் சொல்லச் சொல்ல டாக்டர் முடுக்கினார். சகலை விளக்குப் பிடித்தார். அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் வந்தார். வண்டியைக் கிளப்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி யோசிக்காமல் பதில் சொன்னது.

"தூசிதானா?" என்று கேட்டார் ஜன்னல் வழியாக.

மாமனார் தொண்டையைச் செருமினார். "இல்ல மேடம். உங்க வண்டியோட கார்புரேட்டரும் என் வண்டியோடதும் மாறிப்போச்சு. தப்பு என்னுது. நான் விரலால அளக்கறவன். விரல் வீங்கி அளவு மாறிப்போனது எனக்கே தெரியல."

தலைமையாசிரியை அவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தப்பை ஒத்துக்கிட்டா அரை மார்க் உண்டு. யார் கண்டுபிடிச்சது?"

"இவர்தான்." மாமனார் டாக்டரின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். அந்தக் கையில் ஒரு பெருமை இருந்தது. மனைவி சேலைத் தலைப்பைக் கடித்தாள். சகலை விளக்கை அணைக்க மறந்து மாமனாரின் மீசையையே பார்த்தார். மீசை மேலே போயிற்று.

"இவர் எங்க..." என்றார் மாமனார். "எங்க... எங்க பல் டாக்டர்."

"குடும்ப டாக்டரா?"

"ஆமா. குடும்ப டாக்டர்னே வெச்சுக்கலாம்."

"அப்படியா? எனக்கு மேல்வரிசையில ஒண்ணு ஆடுது. வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சகலை இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். டாக்டர் மனைவியைப் பார்த்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அவள் கண் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, பரிதாபப்பட்டது.

மாமனார் எதையும் கவனிக்கவில்லை. தன் வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தி, "டாக்டரே, உள்ள ஏறி சாவியைத் திருப்பிட்டு வாங்க. ஐடிலிங் வைக்கணும், நிக்கறப்போ என்ஜின் நிதானமா ஓடணும்" என்றார்.

என்ஜின் கிளம்பியது. மழையில் தகரக் கொட்டகை போல் இரைந்தது. டாக்டர் இறங்கி வந்து மாமனாருக்கு எதிரே, என்ஜினுக்கு மேலாகக் குனிந்து நின்றார். மாமனார் ஸ்க்ரூடிரைவரை இடது கையில் பிடித்திருந்தார். வலது கையை, இனி மறைக்க வேண்டியதில்லை என்பது போல், வண்டியின் விளிம்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தார். அந்தக் கணு மாலை வெயிலில் பளபளத்தது.

யாரும் கேக்கலையே டாக்டரே, கேட்டாத்தானே சொல்ல முடியும்?

மழைக்காலம் முழுக்க இந்த மனிதர் பொத்தான் போட முடியாமல் தவித்திருக்கிறார். தானாகச் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். கேட்காமல் தானாக வருவது உலகத்தில் பல்வலி ஒன்றுதான் என்று டாக்டருக்குத் தோன்றியது. கேட்டுவிடலாம். இந்த இரைச்சலில் கேட்டால், கேட்டது போலவும் இருக்கும், கேட்காதது போலவும் இருக்கும்.

"மாமா" என்று ஆரம்பித்து, மீதியை முணுமுணுத்தார்.

"என்ன?" மாமனார் காதில் கையை வைத்தார்.

"ஒண்ணுமில்ல மாமா!"

"இல்ல, என்னமோ சொன்னீங்க. சத்தமா சொல்லுங்க!"

டாக்டர் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை பாதிக் குரலில். என்ஜின் அதை விழுங்கிவிட்டது.

"கேக்கல டாக்டரே! வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே மாமனார் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினார்.

டாக்டர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அக்கா தன் சொந்த வீட்டில் உட்கார்ந்து, சரியான அளவில் காற்றைக் குடித்து, இரைச்சலை விட்டுவிட்டுத் தூங்கும் குழந்தையின் மூச்சுப் போல் அடங்கினாள். எதிர் வீட்டு மாடியில் யாரோ ஜன்னலைத் திறக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்ட அந்த அமைதியில், டாக்டரின் குரல் தெருமுனை வரை போயிற்று:

"மாமா, என்னை ஒரு தடவையாவது மாப்பிள்ளைன்னு கூப்பிடுங்களேன்!"